ஊர் நட வேண்டிய கல்

ஆகஸ்ட் 6 வந்தால் திருப்பத்தூரில் காவலர்கள் ஒரு நினைவுத் தூணின் முன் அணிவகுத்து நிற்கிறார்கள். அதிகாரிகள் மலர்வளையம் வைக்கிறார்கள். துப்பாக்கிகள் வானை நோக்கி முழங்குகின்றன. மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு படமும் சில வரிச் செய்தியும் வருகின்றன. அத்துடன் அடுத்த ஆகஸ்ட் வரை பேச்சு ஓய்ந்துவிடுகிறது.

அந்தத் தூணுக்குப் பின்னால் இருப்பது 1980 ஆகஸ்ட் 6 அன்று நடந்த சம்பவம். அப்போது திருப்பத்தூர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. இன்றைய திருப்பத்தூர் மாவட்டம் 2019 நவம்பரில்தான் பிறந்தது. ஜவ்வாது மலைக்கும் ஏலகிரிக்கும் இடைப்பட்ட கிராமங்களிலும் பக்கத்துத் தருமபுரி மாவட்டத்திலும் நக்சலைட் இயக்கம் வேர்பிடித்திருந்த காலம் அது. கந்துவட்டியும் கொத்தடிமைத்தனமும் சாதிக் கொடுமையும் மலிந்திருந்த ஊர்களில் அந்த இயக்கத்துக்கு ஆதரவு இருந்தது. நிலக்கிழார்களும் வட்டிக்காரர்களும் கொல்லப்பட்ட சம்பவங்களும் நடந்தன. தேடப்பட்டு வந்த சிலரை இன்ஸ்பெக்டர் பழனிச்சாமி தலைமையிலான போலீசார் ஏலகிரிப் பக்கம் பிடித்து, காரில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். வழியில் வண்டிக்குள்ளேயே வெடிகுண்டு வெடித்தது. பழனிச்சாமியும் அவருடன் மூன்று காவலர்களும் இறந்தார்கள்.

இதில் ஒரு விஷயத்தை யாரும் அழுத்திச் சொல்வதில்லை. அந்த நால்வரும் தேடிப் போனவர்களை உயிரோடு பிடித்தார்கள். பிடித்தவர்களைத் தங்கள் பக்கத்தில் உட்காரவைத்து நிலையத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். சட்டம் ஒரு போலீஸ்காரரிடம் எதைச் செய்யச் சொல்கிறதோ அதைச் செய்துகொண்டிருக்கும்போது செத்தார்கள். அவர்களை நினைப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. ஆனால் இந்தக் காரணம் ஊருக்குள் போய்ச் சேரவே இல்லை. தூண் போலீசாருடையது, விழா போலீசாருடையது, துக்கமும் போலீசாருடையது என்று ஆகிவிட்டது. திருப்பத்தூர்ச் சந்தையில் காய் வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்தத் துப்பாக்கி முழக்கம் ஏதோ அரசாங்க விசேஷம்.

ஜவ்வாது மலையைச் சுற்றிய மண்ணில் இப்படி ஆகியிருக்கக் கூடாது. ஏனென்றால் ஊரைக் காக்கப் போய்ச் செத்தவர்களை ஊரே நினைவில் வைத்துக்கொள்ளும் வழக்கம் இங்கே மிகப் பழையது, மிக உறுதியானது.

மலைக்கு மேற்கே திருப்பத்தூர், தெற்கே செங்கம், கிழக்கே போளூர். தமிழ்நாட்டில் நடுகற்கள் செறிந்து கிடைத்த நிலங்களில் இந்த வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்ற தொகுதி, அதுவரை வெளியுலகம் அறியாத பல்லவர் காலத்து வீரர்களை வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்தியது. எழுத்து வட்டெழுத்து. காலம் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் ஆகியோரின் ஆட்சியாண்டுகளில் குறிக்கப்பட்டிருக்கிறது. கல்லில் இருப்பவர்கள் அரசர்களா என்றால் பெரும்பாலும் இல்லை. மாடு கவர வந்தவர்களை மறித்துச் செத்தவர்கள், கவர்ந்துபோன மாட்டை மீட்கப் போய்ச் செத்தவர்கள், ஊர் அழியும்போது எதிர்த்து நின்று செத்தவர்கள்.

அவற்றுள் எடுத்தனூர்க் கல் ஒன்று போதும். மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கருந்தேவகத்தி என்பவன் எருமைகளைக் காக்கப் போராடி இறந்தான். கல்லில் அவன் உருவம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு நாய். நாயின் பெயர் கோவிவன். அது கள்ளரைக் கடித்துத் தன் ஆளைக் காத்து நின்றது என்பதையும் கல்வெட்டு தனியாகச் சொல்கிறது. யார் செத்தான், எதைக் காக்கச் செத்தான், யார் ஆட்சியில் செத்தான், அந்த நேரத்தில் அவன் பக்கத்தில் யார் நின்றார்கள் — எல்லாம் சில வரிகளுக்குள் வந்துவிட்டன. ஆயிரத்து நானூறு ஆண்டுகள் கழித்து அந்தக் கல்லின் முன் நிற்பவருக்கும் நடந்தது என்னவென்று புரிகிறது. வீரன், தியாகி என்ற பொதுப்பட்ட புகழ்ச்சி ஒன்றும் அதில் இல்லை; நடந்ததைச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இறந்தவனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்துவிட முடியாது.

கல் நடுவதோடு வேலை முடிந்ததாகவும் அந்தக் காலத்தார் நினைக்கவில்லை. கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. இதில் எந்தப் படியும் ஒருவர் தனியாகச் செய்யக்கூடியது இல்லை. கல்லைக் கொண்டுவர ஆள் வேண்டும், படையலுக்கு ஊர் கூட வேண்டும். செங்கம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களில் இன்றைக்கும் எத்தனையோ நடுகற்கள் வேடியப்பன் என்ற பெயரில் கும்பிடப்படுகின்றன. பொங்கல் வைக்கிறார்கள், ஆடு வெட்டுகிறார்கள், பிள்ளைக்குப் பெயர் வைக்கிறார்கள். எழுத்தைப் படிக்கத் தெரியாத தலைமுறைகளும் கல்லைக் கைவிடவில்லை.

அந்தக் காலத்து ஆநிரைப் பூசலுக்கும் இந்தக் காலத்துப் போலீஸ் வேலைக்கும் வெகுதூரம் என்று தோன்றலாம். 2021 நவம்பர் 21 அதிகாலையை நினைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது. திருச்சி மாவட்டம் நவல்பட்டு காவல் நிலையத்தின் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், இரவு ரோந்தின்போது ஆடு திருடிக்கொண்டு போனவர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டிப் போனார். புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் கீரனூர் அருகே பள்ளத்துப்பட்டியில் அவர்களைப் பிடித்தும்விட்டார். அங்கேயே அவரை வெட்டிக் கொன்றார்கள். களவுபோனது யாரோ ஒருவர் வீட்டு ஆடு. கருந்தேவகத்தி எருமைக்காகச் செத்தான், பூமிநாதன் ஆட்டுக்காகச் செத்தார். பூமிநாதன் குடும்பத்துக்குத் தமிழ்நாடு அரசு ஒரு கோடி ரூபாயும் வாரிசுக்கு அரசு வேலையும் அறிவித்தது. அது சரியான செயல். ஆனால் ஆடு வளர்த்துப் பிழைக்கும் ஊர்கள் இந்தச் சாவைத் தங்கள் வீட்டுச் சாவாக எடுத்துக்கொண்டனவா என்பது வேறு கேள்வி.

அரசாங்கத்தின் நினைவு தன் போக்கில் நன்றாகவே நடக்கிறது. 1959 அக்டோபர் 21 அன்று லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில், காணாமல்போன ரோந்துக் குழுவைத் தேடிப் போன கரம் சிங் தலைமையிலான போலீசாரைச் சீனப் படை தாக்கியது. பத்துப் பேர் இறந்தார்கள். அந்த நாளே இந்தியா முழுவதும் காவலர் வீரவணக்க நாள். 2018இல் அதே தேதியில் டெல்லி சாணக்கியபுரியில் தேசிய காவலர் நினைவிடம் திறக்கப்பட்டது. 30 அடி உயரத்தில், 238 டன் எடையில் ஒரே கருங்கல். பக்கத்தில் இருக்கும் சுவரில், நாடு விடுதலை பெற்றதிலிருந்து பணியில் உயிரிழந்தவர்களின் பெயர்கள். திறப்பு விழாவின்போது அவை 34,844. சென்னையில் டிஜிபி அலுவலக வளாகத்திலும் நினைவுச் சின்னம் இருக்கிறது. அங்கெல்லாம் அணிவகுப்பு குறைவில்லாமல் நடக்கிறது. பெயர்கள் பெருகப் பெருக ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் இருக்கும் இடமும் இரவும் காரணமும் மறைந்துபோவதுதான் குறை. முப்பத்து நாலாயிரம் பெயர்களைச் சுவரில் பொறிக்கலாம். அவ்வளவு பேரின் கதையையும் சுவர் சொல்லாது. அதைச் சொல்ல ஊர்தான் வேண்டும்.

ஊர் ஏன் முன்வரவில்லை? மக்களுக்கு நன்றியில்லை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. அது உண்மையும் ஆகாது.

2020ஆம் ஆண்டின் தூத்துக்குடி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தை ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். இரண்டே மாதம் கழித்து, ஆகஸ்ட் 18 அன்று, அதே மாவட்டத்தில் ஸ்ரீவைகுண்டம் அருகே மணக்கரையில் ஒரு ரவுடியைப் பிடிக்கப் போன இளம் காவலர் சுப்பிரமணியன் நாட்டு வெடிகுண்டு வீச்சில் இறந்தார். ஒரே மாவட்டம், ஒரே காக்கி. முதல் சம்பவத்தின் கோபம் ஆறாத மனத்தில் இரண்டாவது சம்பவத்தின் துக்கத்துக்கு இடம் கிடைக்கவில்லை. இந்தத் தயக்கத்தைக் குற்றமாகப் பார்க்க முடியாது. லாக்கப்பில் அடி வாங்கியவரின் அண்ணன் தம்பியைப் பார்த்து, வந்து மலர் தூவுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் சாத்தான்குளம் நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் அந்த இரவில் நடந்ததை நீதிக்கு முன் துணிந்து சொன்னார் என்பதையும் அதே மக்கள் மறக்கவில்லை. நல்ல போலீசை ஜனங்களுக்கு அடையாளம் தெரியும். எல்லாரையும் சேர்த்துப் புகழச் சொல்லும்போதுதான் அவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள்.

திருப்பத்தூர் நால்வரின் நினைவுக்கு நேர்ந்ததும் இதுதான். அவர்களுடைய சாவுக்குப் பின் நக்சலைட்டுகளுக்கு எதிராக டிஐஜி வால்டர் தேவாரம் தலைமையில் தொடங்கிய நடவடிக்கைக்கு ‘ஆபரேஷன் அஜந்தா’ என்று பெயர். அது பழனிச்சாமியின் சிறு மகளின் பெயர். அந்த நடவடிக்கையில் வட ஆற்காடு, தருமபுரி மாவட்டங்களின் இளைஞர்கள் பலர் ‘மோதல்’களில் இறந்தார்கள். மனித உரிமை அமைப்புகள் அவற்றைப் போலி மோதல்கள் என்று குற்றம்சாட்டின. அந்த இளைஞர்களின் வீடுகளிலும் தாய்மார் இருந்தார்கள். தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாயில் நக்சலைட் இயக்கத்தைச் சேர்ந்த அப்பு, பாலன் நினைவாக எழுப்பப்பட்ட சின்னமும், ஆண்டுதோறும் அங்கே நடக்கும் கூட்டமும் அந்தத் துயரத்தின் தொடர்ச்சி. ஆகஸ்டில் திருப்பத்தூரில் ஒரு நினைவு நாள், செப்டம்பரில் நாயக்கன்கொட்டாயில் இன்னொரு நினைவு நாள். இரு பக்கத்தாரும் ஒருவர் நாளுக்கு மற்றவர் முகம் கொடுப்பதில்லை.

உயிரோடு பிடித்துக் கொண்டுவரும் வழியில் செத்த ஒருவரின் மகள் பெயரை, போலி மோதல் குற்றச்சாட்டுக்கு ஆளான ஒரு நடவடிக்கைக்கு வைத்தது அந்த நால்வருக்கும் நல்லது செய்யவில்லை. அவர்கள் காட்டிய வழியும் அதன்பின் நடந்ததும் வேறு வேறு. இந்த வேறுபாட்டைத் தைரியமாகச் சொல்லும் நினைவுதான் ஊரை உள்ளே கூப்பிடும். பழனிச்சாமியைக் கொண்டாடுவது, அவருக்குப் பின் நடந்த எல்லாவற்றையும் நியாயப்படுத்துவது ஆகாது என்று வெளிப்படையாகச் சொன்னால், பலருடைய மனத்தடை அன்றே விலகிவிடும்.

ஜவ்வாது மலை மக்களுக்கு இந்தப் பேச்சு வேறு வகையிலும் வலிக்கும். 2013 டிசம்பரில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரக் கடத்தலைத் தடுக்கப் போன வனத்துறை அதிகாரிகள் இருவர் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கானோர் அந்த வழக்கில் சிறையில் அடைக்கப்பட்டார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று அதே காட்டில் ஆந்திர அதிரடிப் படை 20 மரவெட்டிகளைச் சுட்டுக்கொன்றது. கற்களாலும் அரிவாளாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது படை. இறந்தவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சித்தேரி மலையையும் சேர்ந்த ஏழைகள். சாமையும் தேனும் புளியும் கொடுக்கும் வருமானம் போதாமல் ஏஜென்ட் காட்டிய கூலிக்குப் போனவர்கள். மரத்தை வாங்கி விற்றவர்கள் யாரும் அந்தக் காட்டில் சாகவில்லை. கொல்லப்பட்ட வன அதிகாரிகளும் கொல்லப்பட்ட மலைவாசிகளும் ஒரே கொள்ளையின் இரு பக்கத்துப் பலிகள். ஜவ்வாது மலை மேலிருக்கும் ஜமுனாமரத்தூரில் நின்றுகொண்டு சட்டம் காக்கச் செத்தவர்களைப் பற்றிப் பேசுகிறவர், அந்த இருபது வீடுகளைத் தாண்டிக் குதித்துப் பேச முடியாது.

இவ்வளவு காயங்கள் இருக்கும்போது சீருடைக்காரரை ஊர் ஏற்றுக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் கோபிநத்தத்தைப் பார்க்க வேண்டும். கர்நாடக எல்லைக்குள் இருக்கும் தமிழ் பேசும் ஊர் அது. வீரப்பன் பிறந்த ஊர். வனத்துறை அதிகாரி பி. சீனிவாஸ் அங்கேயே போய்த் தங்கினார். மருந்து கொடுத்தார், வீடு கட்டிக்கொள்ள உதவினார், மாரியம்மன் கோயில் எழும்பத் துணைநின்றார், கடத்தல் கும்பலில் இருந்தவர்களிடம் பேசிச் சரணடையச் செய்தார். வீரப்பனும் சரணடையப் போகிறான் என்ற பேச்சை நம்பி, 1991 நவம்பர் 10 அன்று ஆயுதமில்லாமல் காட்டுக்குள் நடந்தார். அங்கே அவரைக் கொன்று தலையைத் துண்டித்தார்கள். அவருக்கு அரசு கீர்த்தி சக்ரா விருது கொடுத்தது. கோபிநத்தம் மக்கள் அவருடைய படத்தை வைத்துக் கும்பிட்டார்கள். வீரப்பனின் சொந்த ஊர், வீரப்பன் கொன்ற அதிகாரியைத் தன் சாமிகளோடு சேர்த்துக்கொண்டது. உத்தரவு போட்டு வரவழைக்கக்கூடிய மரியாதையா அது? அவர் உயிரோடு இருந்தபோது அந்த ஊருக்குச் செய்தது, செத்தபின் திரும்பி வந்தது.

வேறொரு முன்மாதிரி லண்டனில் இருக்கிறது. 1984 ஏப்ரலில் லிபியத் தூதரகத்தின் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்துக்குப் பாதுகாப்புக்கு நின்ற இளம் பெண் காவலர் இவான் பிளெட்சர், தூதரகத்துக்குள்ளிருந்து வந்த குண்டு பட்டு இறந்தார். மைக்கேல் வின்னர் என்ற திரைப்பட இயக்குநர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். பொதுமக்கள் பணம் அனுப்பினார்கள். அதிலிருந்து ஓர் அறக்கட்டளை பிறந்தது. 1985 பிப்ரவரியில் அவர் விழுந்த இடத்திலேயே முதல் நினைவுக்கல் நடப்பட்டது. அதன்பின் பிரிட்டனில் காவலர்கள் கொல்லப்பட்ட பல இடங்களில், தெருவோரத்திலும் சதுக்கத்திலும், அந்த அறக்கட்டளை கல் நட்டு வருகிறது. காவல் நிலைய மதிலுக்குள் இருக்கும் தூணை யாரும் தேடிப் போவதில்லை. நடைபாதையில் இருக்கும் கல்லை அன்றாடம் ஆயிரம் பேர் கடந்து போகிறார்கள், சிலராவது நின்று படிக்கிறார்கள். செத்த இடத்தில் கல் நடுவது அவர்களுக்குப் புது யோசனை. செங்கத்துக்காரர்களுக்கு அது பாட்டன் வழக்கம்.

அந்த வழக்கத்தை மீட்டெடுக்கப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். 1980இல் குண்டு வெடித்த இடத்தை அடையாளம் கண்டு, சாலையோரத்தில் உள்ளூர்க் கருங்கல் ஒன்றை நட வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் கல்லுக்கும் கல்தச்சருக்கும் பஞ்சமில்லை. நால்வரின் பெயரும் பதவி வித்தியாசம் பார்க்காமல் ஒரே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். அதன் கீழே, கருந்தேவகத்தியின் கல்லில் உள்ளதுபோல, நடந்தது என்ன என்று நான்கு வரி. பிடித்தவர்களை உயிரோடு கொண்டுவரும்போது இறந்தார்கள் என்ற செய்தி அந்த நான்கு வரிக்குள் கட்டாயம் இருக்க வேண்டும்.

செலவை அரசு ஏற்கக் கூடாது. இது சற்றுப் பிடிவாதமாகத் தெரியலாம். ஆனால் அரசாணையில் வரும் கல் மறுபடியும் அரசாங்கக் கல்லாகிவிடும். நகராட்சி உறுப்பினர்கள், வணிகர்கள், பேருந்து ஓட்டுநர்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு நட்ட கல்லை ஊர் விட்டுக்கொடுக்காது. திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள் இந்த வட்டாரத்து நடுகற்களைத் தேடித் தேடிப் பதிவு செய்துவருகிறார்கள். பல்லவர் காலத்து வீரனின் கதையைக் கேட்டு எழுதும் அதே அக்கறையோடு, 1980ஆம் ஆண்டின் நினைவுகளையும் எழுதிவைக்கலாம். அன்றைய சக காவலர்கள், அந்தச் சாலையோரக் கிராமத்து முதியவர்கள், இறந்தவர்களின் குடும்பத்தார் என்று கேட்பதற்கு ஆள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும். அன்று முப்பது வயதுக்காரராக இருந்தவருக்கு இன்று எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மோதல்களில் பிள்ளைகளை இழந்த குடும்பங்களின் நினைவும் அந்தப் பதிவில் சேர வேண்டும். அதைச் சேர்ப்பதால் நால்வரின் பெருமை குறையாது.

காவல் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. பூமிநாதன் தனியாக விரட்டிப் போனார். 2020 ஜனவரியில் களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் பணியில் நிற்கும்போதே சுட்டுக்கொல்லப்பட்டார். 2025 ஆகஸ்டில் திருப்பூர் மாவட்டம் குடிமங்கலம் அருகே சிறப்பு உதவி ஆய்வாளர் சண்முகவேல், குடும்பத் தகராறைத் தீர்க்கப் போன இடத்தில் வெட்டுப்பட்டு இறந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர்கள், ராத்திரிப் பணி, பக்கத்தில் போதுமான ஆள் இல்லை. ஒவ்வொரு முறையும் நிவாரணம் அறிவிக்கப்படுகிறது. அடுத்த இரவு இன்னொரு சிறப்பு உதவி ஆய்வாளர் அதே மாதிரி வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார். ரோந்துக்கு ஒருவரைத் தனியாக அனுப்பாத ஏற்பாடு நடைமுறைக்கு வந்தால், பூமிநாதனுக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி இருக்க முடியாது.

அடுத்த ஆகஸ்ட் 6க்கு இன்னும் நேரம் இருக்கிறது. திருப்பத்தூர், ஆலங்காயம், ஜமுனாமரத்தூர், செங்கம் ஊர்களின் தலைவர்களும் ஆசிரியர்களும் வணிகர் சங்கத்தாரும் ஒருமுறை உட்கார்ந்து பேசி, அந்த இடத்தைத் தேடிக் கண்டுபிடித்துக் கல் நடும் வேலையை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். அதுவரைக்கும், வரும் ஆகஸ்ட் 6 காலையில் போலீசார் அணிவகுக்கும்போது, அந்த வழியாகப் போகிறவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு அவர்களோடு ஐந்து நிமிடம் நிற்கலாம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்; நால்வரும் எப்படி இறந்தார்கள் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள்.